பதினொன்று முப்பத்தொன்று

திரையின் இடது மூலையில், சின்ன முக்கோணக் குறியோடு கிடந்த அந்தச் சதுரத்தை இன்றும் என்னால் அப்படியே நினைவுக்குக் கொண்டுவர முடிகிறது. அசையாப் படங்களுக்கு நடுவே வீடியோக்களை அடையாளம் காட்டும் குறி அது. உள்ளே ஆளில்லாத ஒரு ஷெட், நீளமான தட்டுகளில் வரிசையாக அடுக்கிய புஸ்வாணக் கூடுகள். கீழே நேரம்: முற்பகல் 11:31. அந்த ஒரு வரியை நம்பித்தான் ஒரு மனிதரைத் திருடன் என்று நினைத்தேன்.

திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீசில் அப்போது வேலை பார்த்தேன். வெளியூர் வியாபாரிகள் வரும்போது போட்டுக் காட்ட, சரக்கின் போட்டோக்களையும் அது வானத்தில் வெடிக்கும் வீடியோக்களையும் கோத்து ஸ்லைடு ஷோ தயாரிப்பது என் பொறுப்பு. படங்களை அடுக்கி வைக்கும் மென்பொருளில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் தேதி, நேரப்படி அதுவே வரிசைப்படுத்திவிடும். வீடியோக்களில் பெரும்பாலானவற்றை எடுத்துத் தந்தவர் எங்கள் போர்மேன். அதிகம் பேசமாட்டார். வேலை நடக்கையில் ஷெட்டுக்குள் செல்போன் போகக் கூடாது என்பதில் கண்டிப்பானவர். வேலைக்கு வரும் பெண்கள் ஒளித்து வைத்திருந்தால்கூட வாங்கி வாசலில் வைத்துவிடுவார். ஆட்கள் எல்லாரும் பஸ் ஏறிய பிறகுதான் தன் செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். மறுநாள் காலை ஒயரை மாட்டி என் கம்ப்யூட்டரில் இறக்கிக் கொடுப்பார்.

அந்த வருஷம் மூன்று நிறம் மாறிச் சுழலும் புஸ்வாணம் ஒன்றை ரகசியமாகத் தயார் செய்திருந்தோம். சீசனுக்கு முன்பே இன்னொரு கம்பெனியின் விலைப்பட்டியலில் அது வந்துவிட்டது. அதே உருவம், ஏறக்குறைய அதே அட்டைப்பெட்டி. ஆபீசில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே மாறிப்போனது. டீ கொண்டுவரும் அக்காகூடக் கிளாசை வைத்துவிட்டுச் சட்டென்று வெளியேறினார். எனக்கும் எல்லார் மேலும் சந்தேகம். என் மேல் யாருக்காவது வந்துவிடுமோ என்ற பயமும் அதற்குள் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

அப்போதுதான் அந்த 11:31 கண்ணில் பட்டது. வாயில் பதிவேட்டைப் புரட்டினேன். அதே நாள் பதினொரு மணிக்கு ஒரு வெளியூர் வியாபாரி வந்திருந்தார். ஷெட்டுகளைச் சுற்றிக் காட்டியவர் போர்மேன். பதினொன்றரை, பெண்கள் டீக்குப் போகும் நேரம். ஷெட் காலியாக இருந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. செல்போனையே உள்ளே விடாதவர், ஆளில்லாத நேரம் பார்த்து அந்த வியாபாரிக்காகப் புதுப் புஸ்வாணத்தைப் படமெடுத்திருக்கிறார்; எல்லாம் அத்தனை கச்சிதமாகப் பொருந்தியது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

போர்மேனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அஞ்சு மணிக்கு மேல, ஆளுக போன பெறகுதான் எடுத்தேன்" என்றார். "அப்ப மிசினு பொய் சொல்லுதா?" என்று முதலாளி கேட்டார். போர்மேன் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. அந்தப் படத்த நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"கம்ப்யூட்டர்ல பதினொன்னரைன்னுதான் இருக்கு, அண்ணாச்சி" என்றேன். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

ஆயுத பூஜைக்கு ஷெட்டுகளைக் கழுவிப் பொட்டு வைப்பதை நானே போட்டோ எடுத்தேன். மாலை நாலு மணிக்குச் சூடம் காட்டியதை வீடியோவாகவும் எடுத்தேன். ஸ்லைடு ஷோவை ஓடவிட்டால் முதலில் சூடம் எரிகிறது, பிறகு பெண்கள் தரையைக் கழுவுகிறார்கள். வீடியோவின் கீழே காலை பத்தரை என்றிருந்தது. என் கையால் எடுத்தது. பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாமே ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தன. பிற்பகல் இரண்டு பத்து என்று போட்டிருந்த ஒன்றில் கறுத்த வானத்தில் பச்சைப் பூக்கள் விரிந்தன. மாதக்கணக்கில் அதை வியாபாரிகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன், ஒருநாளும் உறைக்கவில்லை. தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் விளக்கினார். வீடியோ தன் நேரத்தை லண்டன் கணக்கில் எழுதிக்கொள்கிறது, போட்டோ நம் ஊர்க் கணக்கில். எங்கள் மென்பொருளுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். "அத இப்பக் கிளறாதம்மா. புது ஆளு வந்தாச்சு" என்றார். ரகசியத்தை வெளியே கொடுத்தது யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தூருக்குப் பஸ் ஏறினேன். போர்மேன் அங்கே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வேறு பட்டாசுக் கம்பெனி எதுவும் அவரைச் சேர்க்கவில்லை. வாசலில் என்னைக் கண்டதும், "மொதலாளி அனுப்புனாகளா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. நானாத்தான் வந்தேன்."

காட்டுவதற்காகச் செல்போனை எடுத்தேன். "அத மொதல்ல அணைச்சு வைங்க. நாம்பேசுறதப் பதிஞ்சு யாருக்கும் கொண்டுபோறீகளோ என்னமோ" என்றார். அணைத்துப் பைக்குள் போட்டேன். வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி சொன்ன பதிலையும் மறைக்கவில்லை. அவர் முகம் இளகவில்லை.

"இப்பச் சொன்னத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரீகளா?"

அவர் மனைவி நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்தார். நேர வித்தியாசத்தை எழுதி நீட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மேக்கு வாசல் வெயிலையும் எழுதுங்க."

எனக்குப் புரியவில்லை.

"அந்த வீடியோல மேக்கு வாசல் வழியா வெயிலு வந்து பாதி ஷெட்டு வரைக்கும் கெடக்கும். காலம்பற பதினொன்னரைக்கு எந்த ஊருலம்மா மேக்க இருந்து வெயில் அடிக்குது?"

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி."

"ஒங்ககிட்டதான பாத்துச் சொல்லச் சொன்னேன். நா சொல்லி யாரு நம்பப் போறாக? நீங்க படத்தப் பாக்கல. நேரத்தத்தான் பாத்தீக."

தாளை மடியில் வைத்து, மேற்கு வாசல் வழியாக வெயில் வந்திருந்தது என்று எழுதினேன். அதன் கீழே, அதை நான் பார்க்கவில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை வாங்கி, கையெழுத்து காயும்வரை விசிறியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.