கொட்டகையில் குரல் கொடுத்த உலகம்மாள்

1929-ஆம் வருஷம் சாரல் பிரமாதம். குற்றாலத்தில் குளித்த கூட்டம், சாயங்காலமானால் தென்காசிக்கு இறங்கி வந்து, ரயிலடிக்குப் பக்கத்துப் பொட்டலில் பரமசிவன் முதலாளி போட்டிருந்த படக் கொட்டகைக்குள் நுழைந்துவிடும். அந்தக் காலத்துப் படம் பேசாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கத்திச் சொல்லவேண்டும். அந்த வேலைக்கு முதலாளி வைத்திருந்தவர் சுந்தரபாண்டியன் என்ற மதுரைக்காரர். நாடகத்தில் ராஜா வேஷம் கட்டிய தொண்டை அவருக்கு.

அந்தத் தொண்டையைக் குற்றாலம் ஒரே நாளில் அடைத்துவிட்டது. காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் ஆசை தீர நின்றவருக்கு, மத்தியானம் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அன்றைக்கென்று பார்த்துப் புதுப் படப்பெட்டி வந்திருந்தது. வெள்ளைக்காரப் படம். என்ன கதை என்று கொட்டகையில் ஒருவருக்கும் தெரியாது.

வேறு வழியில்லாமல் முதலாளியே திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"குதிரை வருது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குதிரை போகுது," என்றார்.

"அதுதான் எங்களுக்கே தெரியுதே!" என்று மணல் தரையிலிருந்து ஒருவன் கத்தினான். விசில் பறந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கிளம்பியது. அங்கே உலகம்மாள் தன் முறுக்குக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதுக்காரி. பகலெல்லாம் தென்காசித் தெருக்களிலும் இலஞ்சியிலும் முறுக்கும் சுசியமும் விற்பாள். சாயங்காலம் கொட்டகையில் விற்பாள். எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்த வீட்டு மாடு கன்று போட்டது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. திரையில் ஒரு குண்டு மனிதர் மேசைக்கடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இவரு எதைத் தேடுதாருன்னு தெரியலையாட்டி?" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள் உலகம்மாள். "போன வாரம் மேலத்தெருக் கலியாணத்துல காணாமப் போச்சே பாயச வாளி, அதைத்தான் தேடுதாரு. பின்னால ஒளிஞ்சிக்கிட்டு நிக்கான் பாரு ஒல்லிப்பய, அவன்தான் குடிச்சவன்."

மெதுவாகச் சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள். ஆனால் தெருவில் கூவி விற்ற குரல். ஆண்கள் பக்கம்வரை போய்விட்டது. பாயச வாளி காணாமல் போனது ஊரறிந்த விஷயம். கொட்டகை குலுங்கியது. முதலாளி ஓடி வந்து அவள் கையிலிருந்த கூடையை வாங்கி வைத்துக்கொண்டார்.

"தாயே, நீ முன்னால வா. உன் முறுக்கு எல்லாத்தையும் நான் வாங்கிக்கிடுதேன். நீ பேசு, போதும்."

அவள் பேசினாள். வெள்ளைக்காரச் சீமாட்டி இலஞ்சிக்குச் சம்பந்தம் பேச வந்தாள், போலீஸ்காரர் சுந்தரபாண்டியபுரத்துச் சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை கேட்டார், கடைசியில் ஒல்லிப்பயல் சீமாட்டியின் கையைப் பிடித்ததும், "பாயசம் குடிச்சவனுக்கே பொண்ணையும் குடுத்துட்டாக!" என்று முடித்தாள். மறுநாள் கொட்டகையில் நிற்க இடமில்லை. சுந்தரபாண்டியனுக்குத் தொண்டை சரியானபிறகும், அவர் புராணப் படம் சொன்னார், இவள் சிரிப்புப் படம் சொன்னாள்.

உலகம்மாளுக்கு ஒரே பயம் புருஷனை நினைத்துத்தான். நல்லகண்ணு ரயிலடிக்கும் குற்றாலத்துக்கும் மாட்டு வண்டி ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். அவனுடைய சொந்தக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "பொம்பளை ஆம்பளைகளுக்கு முன்னால நின்னு கத்துதா, நீ பாத்துக்கிட்டு இருக்கியாலே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் அவன் கொட்டகைக்கு வந்து, மணலில் உட்கார்ந்து, கடைசிவரை பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் காளையை அவிழ்த்துக் கட்டித் தண்ணீர் காட்டினான்.

"இங்கேருங்க, புடிக்கலைன்னா விட்டுருதேன்," என்றாள்.

"ஊர்ல உள்ள மாட்டைப் பத்தியெல்லாம் சொல்லுத. நம்ம காளையைப் பத்தி ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?" என்றான் நல்லகண்ணு.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் பேச்சு எடுபடவில்லை.

அடுத்த வருஷம் பரமசிவன் கொழும்பில் ஒரு கொட்டகைக்குப் பங்குதாரரானார். அங்கேயும் தமிழ்ச் சனம் ஏராளம். சுந்தரபாண்டியனை முன்னதாகவே அங்கே அனுப்பிவிட்டு, உலகம்மாளும் வந்து படம் சொல்லவேண்டும் என்றார். காளையைச் சொந்தக்காரர்களிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் தனுஷ்கோடியில் கப்பலேறினார்கள். வழியெல்லாம் நல்லகண்ணு வாந்தியெடுத்தான். அவள் கூட வந்தவர்களிடம் ஊர் விசாரித்துக்கொண்டே போனாள்.

கொழும்பில் முதல் நாள் ஆட்டம். உலகம்மாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நின்று, தென்காசியில் கொட்டகையைக் குலுக்கிய அதே பாயச வாளியை எடுத்து விட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இலஞ்சியைச் சொன்னாள், இருமல் சத்தம் கேட்டது. "எந்த ஊர்க் கதை இது?" என்று எவரோ அலுத்துக்கொண்டார்கள். படம் முடியுமுன்னே பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அறைக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் போய்விடலாம் என்றான் நல்லகண்ணு.

விடிந்ததும் முதலாளியிடம் போய் நின்றாள்.

"மொதலாளி, கொஞ்ச நாளைக்குச் சுந்தரபாண்டியன் அண்ணாச்சியே சொல்லட்டும். எனக்கு அரிசி மாவும் ஒரு கூடையும் வேணும்."

"எதுக்கும்மா?"

"இந்த ஊர்ல யாரையும் எனக்குத் தெரியாது. தெரியாதவுகளைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரியலை."

செட்டித்தெருவில் முறுக்குக் கூடையோடு இறங்கினாள். புறக்கோட்டைச் சந்தையில் உட்கார்ந்தாள். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர்கள் நம் பக்கத்து ஆட்கள். சுருட்டுக் கடைக்காரர்கள் யாழ்ப்பாணத்தார். பக்கத்தில் தேங்காய் விற்ற சிங்களத்தி குசுமாவுக்குத் தமிழ் தெரியாது, உலகம்மாளுக்குச் சிங்களம் தெரியாது. இருந்தாலும் குசுமா தேங்காய்த் துருவலையும் மிளகாயையும் வெங்காயத்தையும் அம்மியில் அரைத்து, மாசிக்கருவாடு சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, ஒரு உருண்டையை இவள் கையில் வைத்தாள். சம்பல். உறைப்பில் கண்ணீர் வழிய உலகம்மாள் சிரித்தாள். அன்று முதல் முறுக்குக்குச் சம்பல் மாற்று.

ஒரு நாள் டிராம் வண்டி அன்னாசிப்பழ வண்டியில் மோதி, பழமெல்லாம் தெருவில் உருண்டது. சட்டை போட்ட பெரிய மனிதர்கள்கூட ஆளுக்கொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நழுவியதை உலகம்மாள் நின்று பார்த்தாள். மறுநாளே கொட்டகைக்குத் திரும்பினாள். திரையில் ஒரு கார் தறிகெட்டு ஓடியது, தொப்பிக்காரர்கள் துரத்தினார்கள்.

"ஏன் இப்படி ஓடுதாக? நேத்து புறக்கோட்டையில அன்னாசி உருண்டுச்சே, அதைப் பொறக்கத்தான்! அந்தா, தொப்பியைக் கழட்டுதாரே, அதுக்குள்ள ரெண்டு இருக்கு!"

பின் வரிசையிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் எழுந்து, "அக்கா, நானும் ஒண்டு எடுத்தனான்!" என்று கத்தினார். அதற்குப் பிறகு சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. உலகம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த காட்சியைச் சொல்லத் தொடங்கினாள்.

அப்புறம் ஆடிவேல் ஊர்வலத்து மாடு மிரண்டது முதல் மழையில் கடை ஒழுகியது வரை, கொழும்புத் தமிழர்களின் சங்கதியெல்லாம் அவள் வாய் வழியாகப் படத்துக்குள் புகுந்தது. இரண்டு வருஷம் கொடி கட்டிப் பறந்தாள். பிறகு பேசும் படம் வந்துவிட்டது. முதல் காட்சிக்கு அவளும் போயிருந்தாள். வெளியே வந்து, "பாட்டு நல்லாத்தான் இருக்கு. இனி நம்ம ஊருக்குப் போவோம்," என்று நல்லகண்ணுவிடம் சொன்னாள். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவளுக்குத்தான் வேறு ஒரு யோசனை இருந்ததே.

குற்றாலத்தில், அருவிக்குப் போகும் பாதையில் இடியாப்பக் கடை போட்டாள். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதி நம் ஊரில் உண்டு. பக்கத்தில் ஒரு கரண்டி கொழும்புச் சம்பலும் வைத்தாள், சைவக்காரர்களுக்காக மாசி இல்லாமல். ஈரத்தலையோடு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்த உறைப்பு காதுவரை ஏறும். ஐந்தருவியில் தண்ணீர் எப்படி, தென்காசியில் இன்றைக்கு என்ன நாடகம், எந்தச் சத்திரத்தில் இடம் இருக்கிறது என்றெல்லாம் அடுப்படியில் நின்றபடியே கூவிச் சொல்லுவாள். வந்தவர்கள் அவளை ஆச்சி என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

1942-ல், சித்திரை பிறக்கப் போகிற சமயத்தில், கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அங்கே இருந்த நம் சனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். தென்காசி ரயிலடியில் வண்டிக்கு வண்டி கூட்டம். வருகிறவர்களும் தேடி வந்தவர்களும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு அழுதார்கள். உலகம்மாள் கடையைச் சாத்திவிட்டு, இடியாப்பத்தை ஓலைப்பெட்டிகளில் அடுக்கி, நல்லகண்ணுவின் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். வண்டி மேலேயே ஏறி நின்றுவிட்டாள்.

"செட்டித்தெரு ஆளுக இங்கன வாங்க! புறக்கோட்டை ஆளுக அங்கன, வேப்பமரத்துக்கிட்ட! கொட்டாஞ்சேனை எல்லாம் வண்டிக்குப் பின்னால!"

கூட்டம் நகர்ந்து மூன்றாகப் பிரிந்தது. ஆள் ஆளாகப் பேர் கேட்டுக் கூவினாள். மாடத்தி என்ற பெண் மட்டும் ஒதுங்கி நின்று தேம்பினாள். தலைமன்னாரில் நெரிசலில் புருஷனை விட்டுவிட்டாளாம். பேர் சொரிமுத்து, புறக்கோட்டையில் அரிசிக் கடையில் வேலை.

"அழாதட்டி. அடுத்த ரயில் வரட்டும்," என்று அவளைத் தன் பக்கத்திலேயே ஏற்றி வைத்துக்கொண்டாள்.

அடுத்த வண்டியிலும் இல்லை. அதற்கடுத்த வண்டியிலும் இல்லை. உலகம்மாளின் குரல் கம்மத் தொடங்கியது. ஆனாலும் ஒவ்வொரு வண்டிக்கும், "புறக்கோட்டைச் சொரிமுத்து! ஒம் பொண்டாட்டி இங்கன நிக்கா!" என்று கூவிக்கொண்டே இருந்தாள். மறுநாள் மத்தியானம், காலில் கட்டுப் போட்ட ஒருவன் கடைசிப் பெட்டியிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கினான். யாரையும் பார்க்கவில்லை, சத்தம் வந்த திசையைப் பார்த்துத்தான் நடந்தான்.

"கொட்டகை அக்காவா கூப்பிடுதது?" என்று கேட்டான்.

மாடத்தி வண்டியிலிருந்து குதித்துவிட்டாள்.

அந்த வருஷச் சாரலுக்கு உலகம்மாள் இரண்டாவது அடுப்புப் போட்டாள். அதில் சொரிமுத்து இடியாப்பம் பிழிந்தான். மாடத்தி சம்பல் அரைத்தாள். கொழும்பிலிருந்து வந்து வேலையில்லாமல் நின்ற இன்னும் பல பேருக்கு, எந்தச் சத்திரத்தில் ஆள் வேண்டும், எந்தத் தோப்பில் கூலி உண்டு என்று ஆச்சி அடுப்படியிலிருந்தே கூவிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.