இரண்டாவது குழாய்

தொலைபேசியில் ஒரு பெண் குரல், "அத்தை, அப்பா போயிட்டாருங்க" என்றது. "யாருடைய அப்பா? பேரைச் சொல்" என்றேன். "மஞ்சக்குட்டை காளியப்பன் மகள் பேசறனுங்க." அழுகிறவளிடம் பெயர் கேட்டது கல்நெஞ்சம் என்று சிலர் நினைக்கலாம். காளியப்பன் நினைத்திருக்க மாட்டார்.

எண்பதுகளில் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் திசுப் பொருத்த ஆய்வகத்தில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு உறவினரில் யாருடையது பொருந்தும் என்று இரத்தத்தைச் சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. நான் மூத்தவள், அவர் எனக்குப் பின் சேர்ந்தவர். ஏற்காட்டுக் கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் பழக்கிவிட்ட கையெழுத்து என்னுடையது. மறுநாள் இரத்தம் எடுக்கும் கண்ணாடிக் குழாய்களுக்கு வேண்டிய பெயர் லேபிள்களை முந்தைய நாளே எழுதி வரிசையாக வைத்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

"அச்சடிச்ச மாதிரி இருக்குதுங்கக்கா" என்பார் காளியப்பன். "ஆனா ஒட்டறதுக்கு முந்தி ஆளைக் கேட்டுக்கோங்க."

நான் கேட்டதில்லை.

ஏற்காட்டு மலையில் தலைச்சோலையிலிருந்து, சிறுநீரகம் பழுதான ஒரு எஸ்டேட் ரைட்டருக்காக, அதாவது கணக்கு எழுதுகிறவருக்காக, அவருடைய அண்ணனும் தம்பியும் வந்தார்கள். அண்ணன் லேபிள் முதலில், தம்பி லேபிள் அடுத்து என்று வைத்திருந்தேன். நான் கூப்பிட்டதும் அண்ணன் எழுந்திருக்கவில்லை.

"சின்னவனை முதல்ல எடுத்துருங்கம்மா. ஊசியப் பாத்தான்னா பஸ் ஏறி ஓடிருவான்."

"நீ பெரிய புலியாக்கும்!" என்று தம்பி வந்து உட்கார்ந்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி முதல் லேபிளை எடுத்து அவன் குழாயில் ஒட்டினேன்.

அண்ணனுடையது நன்றாகப் பொருந்துகிறது என்று முடிவு வந்தது. அறுவைக்கு நாளும் குறித்தார்கள். காளியப்பன் மட்டும், "வேற ஒரு நாள் ரெண்டாவது குழாய் எடுத்துப் பாத்துரலாங்கக்கா" என்றார்.

"என் லேபிள் மேல் சந்தேகமா?"

"லேபிள் மேல இல்லீங்க. ஒருக்கா மட்டும் எடுத்த ரத்தத்து மேலதான்."

இருவரும் காப்பிப் பழம் பறிக்கும் வேலையை விட்டு மறுபடி கீழே இறங்க வேண்டாமென்று, அவரே முதல் பஸ்ஸில் மலையேறினார். "உங்க பேரை நீங்களே சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, எடுத்த இடத்திலேயே லேபிள் எழுதினார். ரைட்டரின் மனைவி குழாய்களுக்காக எங்கிருந்தோ ஐஸ் வாங்கி வைத்திருந்தாளாம். "இதுக்குள்ள உசுரு இருக்குதும்மா, குளுருல செத்துப்போயிரும்" என்று சொல்லி, துணியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். உயிருள்ள வெள்ளணுக்கள் இல்லாமல் எங்கள் சோதனை நடக்காது.

முடிவு தலைகீழாக வந்தது. பொருந்துவது தம்பியுடையது. அவர் மலையேறாமல் இருந்திருந்தால் அண்ணனிடமிருந்து எடுத்து ரைட்டருக்கு வைத்திருப்பார்கள். அது நிலைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

டாக்டரிடம் காளியப்பன், "நாங்க மாத்தி ஒட்டிட்டமுங்க" என்றார்.

"நாங்கள் இல்லை. நான்" என்று திருத்தினேன். அதுவரை நான் திருத்தியதெல்லாம் பிறருடைய பிழைகளை.

அன்றே முறையை மாற்றினோம். முன்கூட்டி லேபிள் எழுதுவது நின்றது. இரத்தம் எடுத்த பின், ஆள் எழுந்து போகுமுன், அவர் வாயால் பெயர் கேட்டு எழுத வேண்டும். வேறொரு நாளில் எடுத்த இரண்டாவது குழாயும் ஒத்துப்போகாமல் யாரையும் அறுவைக்கு அனுப்பக் கூடாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிச் சுவரில் ஒட்டினேன். என் கையெழுத்துக்கு அதைவிட நல்ல வேலை அமைந்ததில்லை. தம்பி ஓடிப்போகவில்லை. ரைட்டர் மீண்டும் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனார்.

என் கணவர் இறந்தபோது காளியப்பன் மருத்துவமனைக்கு வந்தார். உடலின் காலில் கட்டியிருந்த பெயர்ச் சீட்டை முதலில் படித்தார், பிறகுதான் கும்பிட்டார். அங்கிருந்தவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெயரை அவரவர் வாயால் கேட்பதும், ஒரு முறை பார்த்ததை மறுமுறை பார்ப்பதும் அவர் எனக்கு விட்டுச் சென்றவை.

மஞ்சக்குட்டைக்குப் போனேன். மாலைகளுக்குக் கீழே முகம் மறைந்திருந்தது. விலக்கச் சொன்னேன். மகள் விலக்கினாள்.

அவர்தான்.

அதன் பிறகே என் மாலையைப் போட்டேன்.