மஞ்சள் அரைக்கிற ஜெயம்

ஜெயத்தின் மாவு மிஷின் கடையில் இரண்டு மிஷின்கள். ஒன்று சாப்பிடுகிற சாமானை அரைக்க, மற்றது உடம்பில் பூசுவதை அரைக்க. கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், பச்சைப்பயறு எல்லாம் இரண்டாவதில்தான் விழும். ஆரணியில் பட்டுத்தறி ஓடுகிற தெருக்களில் முக்கால்வாசிப் பெண்களின் முகத்துக்கு ஒரு காலத்தில் நிறம் கொடுத்தது அந்த மிஷின்தான் என்று சொன்னால் அது பெரிய பொய் ஆகாது.

பிறகு பெண்களுக்கு மஞ்சள் பிடிக்காமல் போனது. முகம் மஞ்சளாக இருந்தால் பட்டிக்காடு என்று ஆபீசில் சிரிக்கிறார்களாம். அப்படிச் சொன்ன பெண்ணே மஞ்சள் சேர்த்த கிரீமை ட்யூபில் வாங்கிப் பூசிக்கொண்டாள். கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வது அசிங்கம், பற்பசையில் கலந்து வந்தால் நாகரிகம். பெரிய ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் பட்டையும் ஏலக்காயும் கமகமவென்று மணக்கும். யாரோ பாயசம் காய்ச்சுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், சுவரில் மாட்டிய டப்பா பீய்ச்சுகிற வாசனை அது. இப்படி அஞ்சறைப்பெட்டியில் பாதி சமையல்கட்டை விட்டுக் குளியலறைக்கும் கடைத்தெருவுக்கும் குடிபோனது. அதையே காலமெல்லாம் அரைத்துக் கொடுத்தவளின் கடைப்பக்கம் மட்டும் ஆள் குறைந்துகொண்டே வந்தது. ஜெயத்துக்கு எரிச்சல் என்றால் எரிச்சல்.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்றை அவள் வெளியே சொன்னதில்லை. அவள் கணவர் தனசேகரன் விசைத்தறி ஓட்டியவர். மகள் லாவண்யா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து கடையைத் திறந்த முதல் வெள்ளிக்கிழமை, வழக்கமாக வாங்குகிற பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி மஞ்சள் பொட்டலத்தைக் கையில் வாங்கவில்லை. கீழே வைத்துவிடு, எடுத்துக்கொள்கிறேன் என்றாள். கெட்ட எண்ணம் கிடையாது, பாவம். தாலி அறுத்தவள் கையிலிருந்து மஞ்சள் வாங்கக்கூடாது, அவ்வளவுதான். அரைத்ததும் அதே கைதானே என்று அவளுக்கும் தோன்றவில்லை, ஜெயமும் கேட்கவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் பொட்டலத்தைப் பலகைமேல் வைத்துவிடப் பழகிக்கொண்டாள். கோபம் மட்டும் ஆறவே இல்லை.

லாவண்யா படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த ஹேமநாத்தைப் பிடித்துப்போனது. பையனுக்குச் சொந்த ஊர் ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டு. இரண்டு வீட்டாரும் பேசிக் கல்யாணத்தை முடிவு செய்தார்கள். பெண்ணுக்கு நலங்கு வைப்பது சுமங்கலிகள் வேலை. பெற்றவள் அடுப்படி வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். அதற்கு ஜெயம் மனசைத் தயார் செய்து வைத்திருந்தபோதுதான் லாவண்யா போனில் 'ஹல்தி' என்றாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் எல்லாரும் மஞ்சள் துணி உடுத்திக்கொண்டு, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மஞ்சள் பூசி, ஆடிப்பாடி வீடியோ எடுக்கிற வடநாட்டுப் பழக்கம் அது.

"அதுல சாஸ்திரம்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. யார் வேணா பூசலாம். நீதான் எனக்கு மொதல்ல பூசணும்."

ஜெயம் போனை வைத்துவிட்டு, கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். துக்கத்தில் இல்லை, பெற்ற பெண்ணின் கன்னத்தில் மஞ்சள் வைக்கப்போகிறோம் என்கிற சந்தோஷத்தில்.

அவளுடைய அண்ணன் அருணகிரிக்கு இது பிடிக்கவில்லை. நம்ம வீட்டில் எதற்கு இந்தக் கூத்து என்று முறுக்கிக்கொண்டார். ஜெயம் விடவில்லை. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், ஊரெல்லாம் நடக்கிறது, நாம் மட்டும் பழைய பஞ்சாங்கமாக இருந்தால் எப்படி என்று வாய் ஓயாமல் வாதாடி ஜெயித்தாள். உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணன் அந்த நிமிஷமே ஒத்துக்கொண்டிருப்பார். ஆனால் அது அண்ணியின் காதுக்குப் போகும், அண்ணியிடமிருந்து தெருவுக்குப் போகும்.

மஞ்சளை அவளே காயவைத்து அரைத்தாள். சலித்ததையே மறுபடி சலித்தாள். ஹல்தி அன்று மதியம் பன்னீர் விட்டுக் கரைத்து, பித்தளைக் கிண்ணத்தில் மண்டபத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். லாவண்யா எடுத்துக் கொடுத்த மஞ்சள் புடவையைக் கட்டியிருந்தாள்.

மேலே ஒரே அமர்க்களம். வீடியோ எடுக்கிற சதீஷ், மாப்பிள்ளையின் அம்மா திலகவதி முதலில் பூசட்டும் என்றான். போகட்டும், இரண்டாவதாகப் பூசினால் ஆகாதா என்று ஜெயம் காத்திருந்தாள். அப்புறம் அத்தைமார், சித்திமார், சென்னையிலிருந்து வந்த சிநேகிதப் பட்டாளம். மேளக்காரன் கன்னத்திலும் பெண்கள் அப்பிவிட்டார்கள். மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் தான் கூட்டிவந்த வளர்ப்பு நாயின் நெற்றியில்கூட ஒரு கோடு இழுத்தான். எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டம் கொஞ்சம் விலகியபோது ஜெயம் விரல்களைக் கிண்ணத்தில் தோய்த்துக்கொண்டு மகளிடம் போனாள்.

திலகவதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மெதுவாகத்தான் பிடித்தாள், முகத்தில் சிரிப்பும் இருந்தது.

"சம்பந்தி, இது மட்டும் வேணாங்க. நாளைக்கு அட்சதை போடறப்ப மனசார போடுங்க. எங்க சொந்தக்காரங்கல்லாம் பாத்துகினு இருக்காங்க, ஒரு பேச்சு வந்துடக்கூடாது."

ஜெயம் மகளைப் பார்த்தாள். லாவண்யா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது.

"விடும்மா. அப்புறம் பாத்துக்கலாம். வீடியோ ஓடிகினு இருக்கு."

சொல்லிவிட்டு அவள் சதீஷ் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

வடக்கேயிருந்து ஆட்டம் வந்தது, பாட்டு வந்தது, துணிமணி வந்தது. தடையை மட்டும் யாரும் தருவிக்க வேண்டியிருக்கவில்லை, அது உள்ளூரிலேயே தாராளமாகக் கிடைத்தது. திலகவதிமேல் ஜெயத்துக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஊர் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். மகள் சொன்ன அந்த 'அப்புறம்'தான் நெஞ்சில் தைத்தது. மாடிக் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நல்ல மஞ்சள் அவ்வளவு சுலபத்தில் போகாது.

அப்புறம் என்பது வரவே இல்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது, ஜெயம் அட்சதை போட்டாள், புறப்படும்போது லாவண்யா கட்டிக்கொண்டு அழவும் செய்தாள். மாடியில் நடந்ததைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரை போனிலும் பேசவில்லை.

அந்த வீடியோவை ஊரே பார்த்தது. மஞ்சள் எந்தக் கடை என்று விசாரித்துக்கொண்டு தேசூர், பெரணமல்லூரிலிருந்தெல்லாம் பெண்கள் வருகிறார்கள். இரண்டாவது மிஷின் இப்போது தினமும் ஓடுகிறது. ஜெயத்துக்கு ஓய்வில்லை, சந்தோஷமும் இல்லை.

போன வாரம் எழிலரசி என்று ஒரு பெண் வந்தாள். கலகலவென்று பேசினாள். அப்பா கொரோனாவில் போய்விட்டாராம், அம்மாதான் தனியாளாக நின்று கல்யாணம் செய்கிறாராம். அதனால் ஹல்தியில் அம்மாதான் முதலில் பூசவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம்.

மஞ்சளை நிறுத்துக்கொண்டிருந்த ஜெயம் நிமிர்ந்தாள்.

"நீ அவங்களுக்காக எல்லார்கிட்டயும் சண்டை போடுவியா?"

எழிலரசிக்குப் புரியவில்லை. "சண்டை எதுக்குக்கா? அங்க யாரு இன்னா சொல்லப்போறாங்க?"

"அப்ப வேணாம். இன்னைக்கே வீட்டுக்குப் போய், 'நீ பூச வேணாம்மா'ன்னு சொல்லிடு. கையில மஞ்சளோட வந்து நின்னப்புறம் சொல்லாத."