சுண்ணாம்புத் தண்ணீர் குடித்த வண்டி

கெட்டுப்போகிற வண்டிகளோடுதான் என் பாதி வயசு போனது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். திருப்பூரில் சாயப்பட்டறை, நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை, அப்புறம் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனர். ஓரிடத்தில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். லாரி அதற்குத் தோதாக இருந்தது. நடுவழியில் நின்றுவிடும். அடியில் நிழலில் படுத்துக் கிடப்போம். யாராவது வருவார்கள், எதையாவது தட்டுவார்கள், மறுபடி ஓடும். நின்றுபோகிற வண்டியைக் கண்டு நான் பயந்ததே இல்லை.

நான் பயப்படுகிற வண்டி ஒன்று லப்பைக்குடிக்காட்டில், தெருவைப் பார்த்த ஒரு தகர ஷெட்டில் நிற்கிறது. அது இன்றுவரை ஒருமுறைகூட ஸ்டார்ட் ஆகாமல் இருந்ததில்லை.

வண்டிக்குச் சொந்தக்காரர் அந்த நாளில் என் லாரி டிரைவர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். பிறகு அவர் வளைகுடாவுக்குப் போய் பெரிய டிரெய்லர் ஓட்ட ஆரம்பித்தார். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை லீவு. நான் லாரியை விட்டு, இன்னும் நாலைந்து ஊர் சுற்றி, பெரம்பலூரில் ஒரு பஞ்சர் கடையில் வந்து நின்றேன். ஒரு லீவில் பாய் பெங்களூருக்குப் போய்ப் பழைய ரேஸ் பைக் ஒன்றை வாங்கிவந்தார். ஜப்பான் இன்ஜின், நாலு சிலிண்டர். கடை வாசலில் அதை அணைக்காமலே நிறுத்தினார். சத்தம் பெரிதாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவன் மூச்சு விடுவது போல இருந்தது.

"ஏறு மாப்ள, அரியலூர் போவோம். நம்ம யார்டு ஆளுங்கட்ட காட்டணும்."

"எதப் புடிச்சிக்கிட்டு உக்கார்றது பாய்? பின்னால கம்பியே இல்லயே."

"உங்க சாமியப் புடிச்சிக்க. முன்னால நான் எங்க ஆளப் புடிச்சிக்கிறேன்."

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் சிமெண்ட் லாரிகள் வரிசை வரிசையாகப் போகும். அவற்றின் பின்னால் ஊர்ந்தபோது என் தொடை வெந்தது. மீட்டரில் சூடு நூறைத் தாண்டியதும் உள்ளே காத்தாடி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. அந்த மாதிரி வண்டிக்கு அது சாதாரணம். பாய்க்கு அது தெரியாது. சூட்டு முள் ஏறினால் லாரி டிரைவருக்கு உடனே தண்ணீர்தான் ஞாபகம் வரும்.

லாரி யார்டில் பழைய ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன பாய், ஒட்டகம் கொண்டாருவன்னு பாத்தா வெட்டுக்கிளியப் புடிச்சிட்டு வந்துருக்க?"

"மைலேஜ் என்னா தருது?"

"அத ஏன்டா கேக்குற, பாய்க்கு அங்க சொந்தமா எண்ணெய்க் கெணறே இருக்கு."

பாய் சிரித்துக்கொண்டே குனிந்து பக்கவாட்டில் இருந்த சின்ன டப்பாவைப் பார்த்தார். அதில் பச்சையாக ஏதோ கொஞ்சம் கிடந்தது.

"என்னாடா இது, பாசி புடிச்சுக் கெடக்கு?"

அது பாசி இல்லை. ரேடியேட்டருக்கென்று கடையில் விற்கிற கூலண்ட். எங்கள் லாரிகளுக்கு அதை யாரும் ஊற்றியதில்லை. காலையில் வண்டியைத் தொட்டவுடன் முதல் வேலை ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்ப்பது. சாமி கும்பிடுகிறவன் அதற்குப் பிறகுதான் கும்பிடுவான். குறைந்திருந்தால் கேனில் போர் தண்ணீர். அழுக்காகத் தெரிந்தால் மொத்தத்தையும் இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர். அரியலூர்ச் சீமையில் அது தொழில் சுத்தம். தண்ணீர் பார்க்காத டிரைவரோடு ஏற கிளீனர்கள் யோசிப்பார்கள்.

போல்ட்டைப் பார்த்தால் லாரிக்காரன் கை சும்மா இருக்காது. ஒருவர் ஸ்பானர் கொண்டுவந்தார். பச்சைத் தண்ணீர் மண்ணில் ஓடியது. பாய் தன் கையாலேயே யார்டு போரிலிருந்து கேனைப் பிடித்து, பிஸ்மி சொல்லி, விளிம்பு வரைக்கும் ஊற்றினார். அங்கே தரைக்கு அடியில் இருப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல். அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். குளித்துவிட்டுத் துவட்டாமல் நின்றால் தோல் இழுக்கும்.

திரும்பும்போது வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பைவிட நன்றாக ஓடியது என்றுகூடச் சொல்லலாம். லாரியாக இருந்திருந்தால் முனகியிருக்கும், புகைந்திருக்கும், ஏதாவது ஒரு விதத்தில் சொல்லியிருக்கும். இது வாயைத் திறக்கவில்லை.

லீவு முடிந்து பாய் கிளம்பும்போது சாவியை என்னிடம் கொடுத்தார். நான் வேலை பார்க்கும் கடை வெள்ளிக்கிழமை அரைநாள் மூடியிருக்கும். "வெள்ளிக்கெழமை போயி ஸ்டார்ட் பண்ணி வை மாப்ள. தண்ணி கொறஞ்சா வூட்டுல கேளு, குடுப்பாங்க."

வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போனேன். ஷெட் வெளியே, வீட்டு வாசல் உள்ளே தள்ளி. பாயின் மனைவி வாசல் நிலைக்கு உள்ளேயே நின்று பேசுவார். பட்டனை அமுக்கினால் போதும், மாதக்கணக்கில் ரோட்டைப் பார்க்காத வண்டி, நேற்றுத்தான் வந்து நின்றது போலக் கிளம்பிவிடும். சில நிமிசம் ஓடவிட்டு அணைப்பேன். டப்பாவில் தண்ணீர் ஒவ்வொரு முறையும் ஒரு விரல் குறைந்திருக்கும். ஷெட்டை ஒட்டிய குழாயில் பிடித்து ஊற்றச் சொல்வார் அந்தம்மா. அதுவும் போர் தண்ணீர்தான்.

ஒருநாள் அவரே கேட்டார்.

"அண்ணே, அது நிக்கிற எடத்துல தரை வெளுத்துப் போச்சே, பாத்தீங்களா?"

குனிந்து பார்த்தேன். வண்டிக்குக் கீழே சிமெண்ட் தரையில் ஒரு வெள்ளை வட்டம். மேலே இன்ஜினின் இடது பக்கத்தில், தண்ணீரைச் சுற்றவைக்கிற பம்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து அழுத முகத்தில் உப்புக் காய்ந்த மாதிரி ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன், பொடியாக வந்தது. யார்டில் ஒருமுறை பழைய லாரி ரேடியேட்டரை அறுத்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. உள்ளே குழாய் முழுக்க முட்டை ஓடு போல வெள்ளைத் தகடு படிந்திருந்தது. அந்தப் பொடி இதன் பம்பையும் உள்ளிருந்து தேய்த்துக்கொண்டிருக்கிறது.

"ஓட்டுறப்ப ஏதும் ஆவுமா?"

"சொட்டுற தண்ணி பின்னால போயி டயர்ல படும்மா. இந்த வண்டி போற வேகத்துக்கு டயர் நனையக் கூடாது."

அவர் கணவரைப் பற்றிச் சொன்னார். வளைகுடாவில் இன்னும் ஒரே ஒரு தவணைதான் பாக்கி, அந்த இரண்டு வருசத்தை முடித்துவிட்டு ஊரோடு வந்துவிடுவதாகப் பேச்சு. ஒவ்வொரு தடவை திரும்பிப் போகும்போதும் கம்பெனியில் உடம்பைச் சோதிப்பார்களாம். அதே தெருவில் ஒருவரை முட்டி சரியில்லை என்று விமான நிலையத்திலிருந்து வந்த வழியே அனுப்பிவிட்டார்களாம்.

"டிரெய்லருக்குக் கிளச்சு மிதிக்கிற எடது காலு அண்ணே. அது நல்லா இருக்கணும். அது போனா எங்களுக்கு எல்லாம் போச்சு."

அன்றே பாய்க்கு வீடியோ காலில் வெள்ளைக் கோட்டைக் காட்டினேன்.

"சுண்ணாம்புதானடா. நம்ம ஊருல அது எங்க இல்ல? வெத்தலையில தடவுறோம், செவுத்துல அடிக்கிறோம்."

"திருச்சியில இந்த மாதிரி வண்டி பாக்குற கடை ஒண்ணு இருக்கு பாய். வேன்ல ஏத்திட்டுப் போயி பம்பைக் கழட்டிப் பாத்துடலாம்."

"மேல இருக்குற பிளாஸ்டிக்கக் கழட்டுனா மறுபடி அதே மாதிரி மாட்ட மாட்டானுங்க. ரெண்டு போல்ட் மிச்சம் வச்சு, இது தேவையில்லம்பான். ஸ்டார்ட் ஆவுதா?"

"ஆவுது."

"ஒரே அமுக்குலயா?"

"ஒரே அமுக்குலதான்."

"அப்பறம் என்னடா ஒனக்கு நோவு?"

 ஓடுகிற வண்டியைக் கெட்டுப்போன வண்டி என்று எப்படி நிரூபிப்பது?

அடுத்த லீவுக்கு வந்தார். வந்த மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். திருச்சி ரோட்டில் பாடாலூர் வரைக்கும் ஒருமுறை முழுசாகத் திறந்து பார்க்க வேண்டும் என்றார். ஏறாமல் இருந்திருக்கலாம். ஆனால் போகலாமா என்று யார் கேட்டாலும் என் கால் எனக்கு முன்னால் எழுந்து நிற்கும்.

நாலு வழி ரோட்டில் அவர் திறந்ததும் காற்று என்னைப் பின்னால் இழுத்தது. லாரிகள் எங்களை நோக்கிப் பின்னோக்கி வருவது போலத் தெரிந்தன. வண்டியில் ஓர் உதறல் இல்லை. அப்போதுதான் என் இடது பாதத்தில் சுரீர் என்றது. பீடி நெருப்பு என்று நினைத்தேன். இன்னொன்று விழுந்தது. தண்ணீர், கொதிக்கிற தண்ணீர். அவர் தோளில் ஓங்கித் தட்டினேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் முறுக்கினார். அவர் முதுகு சிரிப்பில் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

பாடாலூரில் டீக்கடை முன்னால் நிறுத்தியதும் குதித்துப் பின்சக்கரத்தைப் பார்த்தேன். டயரின் இடது ஓரம் ஒரு கை அகலத்துக்கு ஈரமாக மின்னியது.

"பாய், டயரப் பாருங்க."

"ஏசி தண்ணிடா" என்றார் பாய். டீக்கடைக்காரர் சிரித்தார். பாயும் சிரித்தார்.

"வெளையாடாதீங்க பாய். நேராப் போறப்ப ஒண்ணும் தெரியாது. எடது பக்கம் சாய்ச்சீங்கன்னா வழுக்கிரும். வண்டிய இங்கயே போட்டுட்டு ஒரு வேன் சொல்லுவோம்."

"ஓடுற வண்டிய வேன்ல ஏத்திக்கிட்டுப் போனா தெருவுல எவன் என்ன மதிப்பான்?" டீக்கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி டப்பாவில் ஊற்றினார். டயரைக் கைக்குட்டையால் துடைத்தார். "மெதுவா போறேன், போதுமா? ஏறு."

"நான் பஸ்ல வரேன்."

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். கோபப்படவில்லை. "ஹயாத்து, ஆயுசு, இருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆவாது மாப்ள" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்கினார். ஒரே அமுக்கு.

பஸ்ஸில் இடது ஜன்னலோரம் நின்றுகொண்டே வந்தேன். ஒவ்வொரு வளைவும் வருவதற்கு முன்பே என் கண் அங்கே போய்விட்டது. வழியில் ஒன்றுமில்லை. மனசு கொஞ்சம் லேசானது. பெரம்பலூருக்குள் போக, பெரிய ரோட்டிலிருந்து இடது பக்கம் இறங்குகிற சர்வீஸ் ரோட்டில் கூட்டம் நின்றது. பஸ் நிற்பதற்கு முன்பே குதித்தேன்.

மெதுவாகத்தான் வந்திருக்கிறார். சைக்கிள்காரன்கூட விழாத வளைவு. வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதற்கு அடியில் அவருடைய இடது கால். முட்டிக்குக் கீழே அது வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மணலுடா மாப்ள" என்றார். உதடு வெளுத்திருந்தது. "ரோட்டுல மணலு கெடந்துச்சு."

ரோட்டில் மணல் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி கறுப்புத் தார். அதில் சொட்டுச் சொட்டாக ஈரம் வந்து, வளைவில் ஒரு கோடாக இழுபட்டிருந்தது. வெயிலில் அதன் ஓரங்கள் வெளுக்க ஆரம்பித்திருந்தன.

நாலு பேர் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் எவனோ ஆசைக்குப் பட்டனை அமுக்கினான். கிளம்பிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற அதே மூச்சு.

"சும்மா ஒரு கீறல்தாம்ப்பா. வண்டின்னா இது வண்டி" என்றான் அவன்.

காலில் கம்பி வைத்தார்கள். கம்பெனியில் கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு வேறு டிரைவரைப் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தவணை போனது. பாய் இப்போது முன் அறைக் கட்டிலில் ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கிறார். மணல் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். வெள்ளிக்கிழமை நான் போனால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். போர்வைக்குள் அவருடைய இடது பாதம் மேலும் கீழும் அசையும். கியர் போடுகிற கால் அதுதான். கம்பியை எடுத்ததும் ஏற்காட்டு மலை வளைவுகளில் ஒரு சுற்றுப் போகலாம் என்கிறார்.

போன வாரம் அந்தம்மா நிலையைத் தாண்டி ஷெட்டுக்கே வந்துவிட்டார். குரலைத் தணித்துக் கேட்டார்.

"அண்ணே, இது இனிமே ஓடாத மாரி ஏதாச்சும் பண்ண முடியுமா? விக்கவும் அவங்க விட மாட்டேங்கிறாங்க."

"பம்பு போயிட்டே இருக்கு. உள்ள சுண்ணாம்பு அடைச்சிட்டா ஒருநாள் சூட்டுல இன்ஜினு தானா இறுகி நின்னுரும்மா."

"இந்தத் தண்ணியாலயா?"

"ஆமா."

அவர் உள்ளே போனார். வரும்போது இடுப்புக் குடத்தில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. மூடியைத் திறக்கச் சொன்னார். நான் திறந்தேன். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல், விளிம்பு வரைக்கும் ஊற்றினார். குடத்தின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது.

"எத்தன நாளாவும்?"

"தெரியலம்மா."

உண்மையிலேயே தெரியவில்லை. லாரி என்றால் சொல்லிவிடுவேன். ஜன்னல் வழியாக ஊன்றுகோல் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. டாக்டர் சொன்னதற்கு முன்பே அவர் எழுந்து நடந்து பழகுகிறார்.

"மாப்ள, இன்னிக்கு எப்புடி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்தம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் விரலையே பார்த்தார். அமுக்கினேன்.

ஒரே அமுக்கு.