எனக்க தோட்டத்து ரப்பர்

போன ஞாயிறு சர்ச் முடிந்து குழித்துறை வழியாக வந்தேன். செல்வினின் ஷெட்டில் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். 'டிரான்ஸ்ஃபார்மர் ரிப்பேர்' என்று அவனே பெயின்ட் அடித்த போர்டு. பைக்கை நிறுத்தாமல் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவன் என்னைப் பார்த்துவிட்டான்.

செல்வின் என் பள்ளித் தோழன். இந்த மழைக்கு முன்னால், ஒரு ஐஸ் ஃபேக்டரியின் டிரான்ஸ்ஃபார்மர் அவனிடம் ரிப்பேருக்கு வந்தது. வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் எண்ணெய் கசியாமல் மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் மட்டும் வந்து சேரவில்லை. நான் சும்மா இருந்தேனா? எங்கள் தோட்டத்து ரப்பர் பாலில் பக்கத்துப் பட்டறைக்காரர் செய்துகொடுத்த ரப்பர் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"வேண்டாம் மக்கா. இது எண்ணெயைக் குடிச்சு ஊதிப் போவும். எண்ணெய்க்குன்னு உள்ள நைட்ரைல் ஷீட்டு ரெண்டு நாள்ல வந்திரும்" என்றான்.

"ஏலே, எனக்க தோட்டத்து ரப்பரையா குத்தம் சொல்லுதே?"

ரப்பர் வெட்டிச் சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது. ரப்பரைப் பற்றி யாராவது குறை சொன்னால் வீட்டுப் பெண்ணைக் குறை சொன்ன மாதிரி ரோஷம் வந்துவிடும்! முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்த முகத்துக்காகத்தான் அவன் அந்த ஷீட்டை வெட்டக் கத்திரியை எடுத்தான்.

ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கேஸ்கெட் ஊதி, கொழகொழத்து, வெளியே பிதுங்கிவிட்டது. அந்த இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியது. கரண்ட் தாவாமல் இருக்கக் காயிலில் சுற்றிய பேப்பர் நனைந்தால் என்ன ஆகும்? வெடித்தது. ஃபேக்டரி நின்றது.

ஃபேக்டரி முதலாளி செல்வினின் ஷெட்டுக்கே வந்து நாலு பேர் முன்னால் கத்தினார். "எவன் சொல்லிடே இந்த ரப்பரப் போட்ட?"

செல்வின் குனிந்த தலை நிமிராமல் சொன்னான்: "எனக்க புத்தி மோசம் சார்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயே திறக்கவில்லை. சீ... இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அதன்பிறகு அவனுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அடுத்த வாரம் மஸ்கட் போகிறான் — ஐம்பத்திரண்டு வயதில், யாரோ ஒருவரின் ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பராக.

அந்த ஞாயிறு பைக்கை நிறுத்தியதும், மீதியிருந்த ரப்பர் ஷீட்டைச் சுருட்டி என் கையில் தந்தான். "வீட்டுல எதுக்காவது ஆவும். நீ ஒண்ணும் நெனைக்காத மக்கா." நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

எது எதோடு ஒத்துவராது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். சிநேகத்துக்காக ஒருவன் தெரிந்ததை விட்டுக்கொடுக்கிறான்... நாம் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஐஸ் ஃபேக்டரி சார், பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பதாகச் சொல்வீர்கள். எவன் என்று அன்றைக்குக் கேட்டீர்களே — நான்தான்.