கையொப்பமில்லாத கார்டுகள்

மதுரை தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் நகல் குமாஸ்தாவாக இருந்த பஞ்சாபகேசன், நாற்காலி வாங்கப் போய்க் கிடாரோடு வீடு திரும்பியவர். ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்தியர் மாற்றலாகிப் போகும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். இவர் போவதற்குள் நல்ல நாற்காலிகள் எல்லாம் போய்விட்டன. மூலையில் சாய்த்திருந்த கிடாரின் தந்தியை விரலால் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். அப்புறம் அதை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. அது 1943. அவருக்கு வயது முப்பத்தெட்டு.

வாசிக்க ஆசைப்பட்டது ஒரே ஒரு பாட்டைத்தான். கல்யாணத்துக்கு முன்பு மதுரையில் கொட்டகை போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனியில், காட்டில் வழி தப்பிய ராணி பாடுகிற பாட்டு. சொல்லித் தர ஆள் இல்லை. வீணை வாத்தியார் ஒருவர் கிடாரைப் பார்த்ததும் "இது நமக்கு வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார். ஆகவே தினமும் ஆபீஸ் விட்டு வந்து காபி குடித்ததும், தெருப்பக்க அறையில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு சுரமாகத் தேடி வாசித்தார்.

மூன்றாவது வாரம் ஒரு தபால் கார்டு வந்தது. "இரண்டாவது தந்தி இறங்கியிருக்கிறது. முறுக்கிவிட்டுத் தொடங்கவும்." கையொப்பம் இல்லை.

முறுக்கிப் பார்த்தார். எழுதியது சரியாகவே இருந்தது. அதுதான் அவரை அதிகமாகக் கலக்கியது.

ஐந்தாம் நாள் இன்னொன்று. "அனுபல்லவியில் ராணி நின்று திரும்பிப் பார்ப்பாள். நீங்கள் நிற்காமல் ஓடுகிறீர்கள்."

பஞ்சாபகேசன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது ராணியின் பாட்டு என்று அவர் மனைவி ஸ்யாமளாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஸ்யாமளா கார்டை இரண்டு முறை படித்தாள். "இப்படி உருகி உருகி எழுதறது ஆம்பளைன்னு நினைக்கறேளா? யாரு அவ? சொல்லிடுங்கோ."

"எனக்கு எப்படிடீ தெரியும்?"

அவள் நம்பவில்லை. அவருக்கோ வேறு பயம். போன வருஷம் நடந்த 'வெள்ளையனே வெளியேறு' கலகத்துக்குப் பிறகு சர்க்கார் ஊழியர்கள் யாரோடு பேசுகிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் வேவு பார்ப்பதாக ஆபீசில் பேச்சு இருந்தது. யாரோ தினமும் தன் வீட்டைக் கவனிக்கிறான். யார்? பக்கத்து வீட்டுப் பிச்சுமணியாகத்தான் இருக்கவேண்டும். அதே ஆபீஸ், அதே வேலை. அடுத்த பதவி உயர்வு இருவரில் ஒருவருக்குத்தான். பிச்சுமணி எதிரே வந்தால் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலாவது கார்டு வந்த அன்று பொறுக்கமாட்டாமல் தலைமைக் குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டார். அவர் பிச்சுமணியை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, "மொட்டைக் கடுதாசி எழுதறதுதான் உமக்கு வேலையா?" என்று கேட்டார். பிச்சுமணி தன் மேஜைக்குத் திரும்பிப் போனார்.

ஆனால் கார்டுகள் நிற்கவில்லை.

கடைசியில் பஞ்சாபகேசன் ஒரு வழி செய்தார். அவர் வேண்டுமென்றே தப்பாக வாசிப்பது, ஸ்யாமளா மாடி ஜன்னல் இடுக்கிலிருந்து தெருவைப் பார்ப்பது.

முதல் நாள், "யாருமில்லை, தபால்காரன்தான் போனான்" என்றாள். இரண்டாம் நாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஏன்னா, நமக்குத் தபாலே இல்லாத நாள்லயும் அவன் ஏன் நம்மாத்து வாசல்ல நின்னு பையைத் துழாவிண்டிருக்கான்?"

மறுநாள் சாயங்காலம் பஞ்சாபகேசன் வாசிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றார். தபால்காரன் சோணை வந்தான். பையைத் திறந்து, உள்ளே சத்தம் வரவில்லையே என்று காதைச் சாய்த்தான். இவர் கதவைத் திறந்தார்.

"நீதானா?"

சோணை பையை அவசரமாக மூடினான். "வேலை போயிரும் சாமி. யாருகிட்டயும் சொல்லிராதீக."

"பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"வேலைக்கு வாரதுக்கு முன்னாடி அந்த நாடகக் கம்பெனியில ரெண்டு வருசம் திரை இழுத்தேன். அம்புட்டு ஆட்டத்துலயும் கேட்டிருக்கேன்."

"நேரா வந்து சொல்லப்படாதோ? ஒளிஞ்சுண்டு எழுதுவானேன்?"

சோணை தெருவின் இரு பக்கமும் பார்த்தான். "நமக்கு உசிலம்பட்டிப் பக்கம் சாமி. எங்க அண்ணன் இன்னமும் ரேகைப் பதிவுல இருக்காரு. நான் ஒரு வீட்டு வாசல்ல சும்மா நின்னா என்ன சொல்லுவாகன்னு உங்களுக்குத் தெரியாதா? கார்டுல வந்தா, யாரோ வெவரம் தெரிஞ்ச பெரியவுக எழுதுனதா நெனச்சுக் கேப்பீக. நான் வாயால சொன்னாக் கேட்டிருப்பீகளா?"

உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் குற்றமே செய்யாதவர்களும் பிறந்த ஜாதிக்காகவே போலீசில் கைரேகை வைக்கவேண்டும் என்ற சட்டம் அப்போது அமலில் இருந்தது. பஞ்சாபகேசனுக்கு அது தெரியும். அந்தப் பெயர்ப் பட்டியல்களை நகலெடுத்திருக்கிறார். உள்ளே ஸ்யாமளா வெண்கலப் பானைகளை வாசலை ஒட்டிய ரேழியிலிருந்து எடுத்து உள்ளறையில் வைக்கும் சத்தம் இருவருக்குமே கேட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"எழுதினது நீர் இல்லைன்னு தெரிஞ்சுடுத்து."

"எனக்கு அது முன்னாடியே தெரியுமே" என்றார் பிச்சுமணி. உட்காரச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறு தெருவுக்குக் குடிபோனார்.

சோணை அதற்குப் பிறகு கார்டு எழுதவில்லை. வாசல்படிக்குக் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் நீட்டணும் சாமி" என்றோ "இப்பச் சரி" என்றோ மெல்லச் சொல்லிவிட்டு நடப்பான். சில நாள் ஒன்றும் சொல்லாமல் போவான். அன்றைக்குப் பஞ்சாபகேசன் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசிப்பார். தை பிறப்பதற்குள் பாட்டு முழுதாக வந்துவிட்டது.

முழுதும் கேட்ட அன்று சோணை, கிடாரை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். பஞ்சாபகேசன் படியிறங்கி அதை அவன் கையில் கொடுத்தார். ஸ்யாமளா வாசல்வரை வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தந்தியைத் தொடவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி, திருப்பிப் பார்த்தான்.

"கனமே இல்லையே சாமி" என்று திருப்பிக் கொடுத்தான். அது அவர் கைக்கு வந்து சேரும்வரை ஸ்யாமளா உள்ளே போகவில்லை.