அப்பாவின் பட்டறை ஸ்வெட்டர்

எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் எஸ்டேட்டில் வேலை பார்த்தார்கள். செத்துப்போன பேட்டரிக்கு உயிர் கொடுக்கத் தெரிந்தவர் என் அப்பா ஒருவர்தான். மஞ்சூர் மேடு ஏறும் ஜீப்புகளெல்லாம் அவர் கை பட்டவை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிவேன். அப்பா அப்படிப் பீற்றிக்கொள்ள மாட்டார். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. பழைய பேட்டரியைப் பிளந்து, உள்ளிருக்கும் ஈயத்தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்கி, புதிதாக வார்ப்பார். குளிருக்கு ஒரு பழுப்பு ஸ்வெட்டர். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் ஊரில் துவைத்த கம்பளி ஒரு வாரமானாலும் காயாது. அதனால் மார்கழி வரைக்கும் அதற்குத் தண்ணீரே கிடையாது. சாயங்காலம் அப்பா கழற்றியதும் நான் மாட்டிக்கொள்வேன். வீட்டுப்பாடம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்ளேதான். கழுத்து விரிந்துவிடும் என்று அம்மா திட்டுவாள், வேறு குறை அவளுக்குத் தெரியவில்லை.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்கு பிரஷர் ஏறியது. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் இறங்கவில்லை. வீட்டுக்கு ஏறும் படிகளில் பாதியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் என்ன தொழில் என்று கேட்டார். பேட்டரி வேலை என்றதும் அப்பாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். நான் அழவில்லை.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டரம்மா சொன்னார்: "ஈயம் ரத்தத்துல சேர்ந்தா ரத்தக்குழாய் இறுகிடும், பிரஷர் ஏறும், கடைசியில இதயத்தைத்தான் பாதிக்கும். உங்களுக்கு நிறைய இருக்கு. பாப்பாவுக்கும் இருக்கு."

"ஏனுங்க டாக்டர், அவளப் பட்டறப் பக்கமே உடறதில்லீங்களே!" என்றார் அப்பா.

டாக்டரம்மா அவர் போட்டிருந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். "இதோடதான் வேலை செய்வீங்களா? ஈயத்தூசு எல்லாம் இதுலதான் ஒட்டியிருக்கும்."

"நானும் போட்டுக்குவேனுங்க," என்று முந்திக்கொண்டேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கப்பா ரத்தத்துல இருக்கறது என்ர ரத்தத்துலயும் இருக்குது, டாக்டரே சொல்லிட்டாங்க!"

அந்த வாரமே அப்பா ஈயம் உருக்கும் பட்டறை அடுப்பை இடித்தார். ஸ்வெட்டரைக் காணோம். இன்னொருவர் கடையில் புது பேட்டரி விற்க நின்றார். ரிப்பேருக்கு வந்தவர்களிடம், "இப்ப செய்யறதில்லீங்க," என்றார். தன் கைவேலையை எங்களுக்காக அப்படி உதறிவிட்டு வந்த மனிதரை நினைத்தால் இன்று எனக்குத் தலை நிமிர்கிறது. அன்று நான் பள்ளியில் அவர் பேச்சையே எடுக்கவில்லை.

அப்பாவின் பிரஷர் மெல்ல இறங்கியது. அடுத்த முறை என் ரத்தத்திலும் ஈயம் குறைந்திருந்தது. அந்த ரிப்போர்ட்டை அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடைக்கு வந்த டிரைவர்களிடமெல்லாம் எடுத்து எடுத்துக் காட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குறைந்த மார்க்கை யாராவது ஊருக்கெல்லாம் காட்டுவார்களா?